புத்தகத்தை வெட்டி எடுத்த பூ

செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்து, கையால் நிறம் தீட்டின பழைய பூப்படம் ஒன்று விலைக்கு வருகுது எண்டால், அது எங்கையிருந்து வந்தது எண்டுதான் முதலில் கேட்க வேணும். இந்தப் படங்களில் கனக்க தனித்தாளாக வெளிவந்தவை அல்ல. புத்தகத்துக்குள்ளே, சஞ்சிகைக்குள்ளே, அந்தச் செடியைப் பற்றின எழுத்துக்குப் பக்கத்தில் இருந்தவை. யாரோ ஒருவர் கட்டைப் பிரித்து, படத்தை மட்டும் வெட்டி எடுத்து, மட்டை வைத்து, 'அசல்' எண்டு எழுதி விற்கிறார். ஆங்கிலப் பழம்புத்தகச் சந்தையில் இவர்களுக்கு 'பிறேக்கர்' எண்டு பெயர். உடைக்கிறவர். நான் வைச்ச பட்டம் இல்லை, அந்தச் சந்தை தானே வைச்சது.

வில்லியம் கேர்ட்டிஸின் 'பொட்டானிக்கல் மகசீனை' எடுத்துக்கொள்ளுவம். கேர்ட்டிஸ் முதலில் லண்டன் சுற்றுவட்டாரத்தில் தானாக முளைக்கிற செடிகளைப் பற்றி 'ஃபுளோரா லண்டினென்சிஸ்' எண்டு பெரிய புத்தகம் போட்டார். பாராட்டு வந்தது, காசு போனது. வேலியோரத்துப் பூண்டைப் படமாக வாங்க ஆள் இல்லை. பிறகுதான் 1787இல் வெளிநாட்டு அலங்காரச் செடிகளுக்கெண்டே இந்தச் சஞ்சிகையைத் தொடங்கினார். விலை ஒரு சிலிங். உடனே பிடித்துக்கொண்டது. 1948 வரைக்கும் அதன் படங்களுக்குக் கையாலேயே நிறம் தீட்டினார்கள். ஒரு காலத்தில் முப்பது பேர் வரை அந்த வேலையில் இருந்திருக்கினம். பழைய படங்களின் அடியில் வரைந்தவர் பெயர் இருக்கும், செதுக்கினவர் பெயர் இருக்கும். தீட்டினவர் பெயர் இருக்காது.

சரி, படத்தோட வந்த எழுத்தில் என்ன இருந்தது? அந்தச் செடி எந்த நாட்டுக்குரியது, யார் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தது, எந்த நாற்றுப்பண்ணையில் பூத்தது எண்டு அங்கைதான் எழுதிக் கிடக்கு. பேரரசு தன் தோட்டத்தை எப்படி நிரப்பினது எண்டதுக்கு அது ஒரு மாதாந்தக் கணக்குப் புத்தகம். படத்தை வெட்டினவுடனே கணக்கு குப்பைக்குப் போகுது, பூ மட்டும் பிறேமுக்குள்ளே போகுது. வரவேற்பறைக்கும் அதுதானே வசதி!

எங்களுக்குக் கிட்டின உதாரணம் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்'. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுப்பித்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. எங்கட கார்த்திகைப்பூ அதன் ஏழாம் தொகுதியில் 'மெந்தோனி' எண்ட மலையாளப் பெயரோடு இருக்கு. அந்த அறிவைக் கொடுத்த வைத்தியர்களில் ஒருவர் இட்டி அச்சுதன். அவர் கொடுத்த வாக்குமூலம் முதல் தொகுதியில் அச்சாகி இருக்கு. தனித்தாளாக மெந்தோனியை வாங்கினவரின் சுவரில் இட்டி அச்சுதன் எங்கே? இன்னொன்று, அந்தப் புத்தகம் நிறமில்லாமல்தான் வெளிவந்தது. நிறம் தீட்டின தாள் ஒன்றை ஆரும் நீட்டினால், அந்த நிறம் பிறகு ஒருவர் பூசினது. எப்போது, எதுக்காகப் பூசினது எண்டு விற்கிறவர்தான் சொல்ல வேணும்.

சேகரிப்பாளர்கள் சொல்லுகிற நியாயங்களில் ஒன்றை ஏற்கலாம்: தண்ணி பட்டு, பூச்சி அரித்து, பாதித்தாள் ஏற்கனவே போன தொகுதியில் மிஞ்சினதைக் காப்பாற்றுவது. ஆனால் அதையே சாட்டாக வைச்சு நல்ல தொகுதிகளையும் வெட்டுகினம். முழுப் புத்தகத்தின் விலையை விடத் தாள் தாளாக விற்றால் வருகிற காசு கூடவாக இருக்கிற வரைக்கும் வெட்டுவார்கள். வெட்டுகிறவரை விட வாங்குகிறவரிலதான் எனக்குக் கோபம்.

"புத்தகம் அலுமாரிக்குள்ளே கிடந்தால் ஆர் பார்க்கிறது? சுவரிலயாவது நாலுபேர் பார்க்கினம்" எண்டும் சொல்லுவினம். இது 1990இல் சொல்லியிருந்தால் யோசிக்கலாம். இண்டைக்கு கேர்ட்டிஸின் பழைய தொகுதிகளை பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரியில் எழுத்தோடு சேர்த்து இலவசமாகப் புரட்டலாம். பூ மட்டும்தான் வேணும் எண்டால் கடையில் கொடுத்து நல்ல தாளில் கலர் பிரிண்ட் எடுங்கோ. அது போதாது, அசல்தான் வேணும் எண்டால், உங்களுக்கு வேண்டியது பூ இல்லை, உடைமை.

பேராதனையில் ஹர்மானிஸ் டி அல்விஸும் அவரின் பிள்ளைகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வரைந்த செடிப்படங்கள் தோட்டத்திலேயே சேர்ந்து இருந்ததால்தான், ஒரு குடும்பம் தலைமுறையாகச் செய்த வேலை எண்டு இண்டைக்குக் கதைக்க முடியுது. ஒவ்வொன்றாக ஏலத்தில் போயிருந்தால் 'சிலோன் ஓர்க்கிட், ஓவியர் தெரியாது' எண்டு எங்கையோ ஒரு ஹோட்டல் நடைபாதையில் தொங்கியிருக்கும். புத்தகம் இல்லாமல் போனால் என்ன போகும் எண்டு 1981க்குப் பிறகு எங்கட ஆக்களுக்கு ஆரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அதையும் இதையும் ஒப்பிட வரேல்லை, அது வேறு வன்மம். ஆனால் புத்தகத்தின் அருமை தெரிந்த ஊரிலிருந்தே இந்தத் தாள்களை வாங்குகிறவர்களைப் பார்த்தால் விளங்கேல்லை.

வாங்கத்தான் போறீங்கள் எண்டால் விற்கிறவரிட்ட இரண்டு விசயம் கேளுங்கோ. இது எந்தத் தொகுதியில் இருந்தது, மிச்சத் தாள்கள் இப்ப எங்கை? பதில் வராட்டில் காசைச் சட்டைப்பைக்குள்ளேயே வைச்சுக்கொண்டு திரும்பி வாங்கோ.