பிக்கப் போச்சென்று சொல்ல முதல்

பெயின்ட் அடிக்கவென்று கூட்டாளியின் கிட்டாரைக் கழட்டினோம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி. பார்க்க ஒரே சாயலில் மூன்று பிக்கப். படம் எடுக்கல்ல, அடையாளமும் வைக்கல்ல. திரும்பப் பூட்டினால் பிரிட்ஜ் பக்கத்துச் சத்தம் மெலிந்து கிடந்தது. காட்டின இடத்தில் "பிக்கப் போச்சு, புது செட் போடணும்" என்றார்கள். கட்டாரில் இருந்து காக்கா உழைத்து அனுப்பின சாமான். கூட்டாளிக்கு முகமே இல்லை.

உண்மையில் இடம்தான் மாறியிருந்தது. பிரிட்ஜுக்குக் கிட்ட தந்தி குறைவாகத்தான் அதிரும். அதை ஈடுகட்ட அந்தப் பிக்கப்பில் பெரும்பாலும் செம்புக் கம்பியைக் கூடுதலாகச் சுற்றியிருப்பார்கள். மல்டிமீட்டரில் பார்த்தோம்: இரண்டு பிக்கப் 5.8 கிலோ ஓம் அளவில், ஒன்று 6.4. கூடினது பிரிட்ஜுக்கு.

மற்ற இரண்டில் எது நடு? பல கிட்டார்களில் நடுப் பிக்கப்பின் காந்தமும் சுற்றும் மற்ற இரண்டுக்கும் எதிராக இருக்கும். பக்கத்துப் பிக்கப்போடு சேர்த்து வாசிக்கும்போது கரண்ட் இரைச்சல் அடங்குவது அதனால்தான். திசைகாட்டியைக் கிட்டப் பிடித்தோம். முள் மாறித் திரும்பினது நடு. ஈயம் வைத்து ஒட்டி, அம்பில் சொருகி, ஸ்குரூட்ரைவரால் ஒவ்வொன்றையும் மெல்லத் தட்டினோம். சுவிட்ச் எதைக் காட்டியதோ அதுதான் சத்தம் போட்டது.

கல்முனையில கிட்டார் வச்சிருக்கிற நம்மில் பலருக்கு ஒரு ஸ்குரூவைத் தொடவே பயம். அந்தப் பயத்துக்குத்தான் காசு போகுது. என்ட கருத்து இதுதான்: கழட்டுங்க. அதுக்கு முதல் போனில் ஒரு படம் எடுங்க, ஒவ்வொரு பிக்கப்பிலும் டேப் ஒட்டி இடத்தை எழுதுங்க. அளந்து பார்க்காம யாரும் "போச்சு" என்றால் நம்பாதீங்க.