டின்னுக்குள் என்ன இருக்கிறது?

மருந்தடிக்கும் தோழர்கள் தலைச்சுற்று, கண்ணெரிச்சல் என்று முறையிட்டால் நிர்வாகத்திடமிருந்து நாம் கேட்கும் பதில் ஒன்றுதான்: "மருந்தால்தான் வந்தது என்பதற்கு ஆதாரம் உண்டா?"

இதே கேள்வியை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் எத்தனை வருடங்களை ஓட்டினார்கள் என்று பாருங்கள்.

டிரைகுளோரோஎத்திலீன் என்பது இரும்புச் சாமான்களில் பிடித்த கிரீஸைக் கழுவும் கரைப்பான். வட கரோலினாவின் கேம்ப் லெஜூன் படைமுகாமில் இதுவும் இதுபோன்ற வேறு கரைப்பான்களும் கிணற்று நீரில் கலந்திருந்தன. சோதித்த ஆய்வுகூடம் 1981இலேயே எச்சரித்தது. மோசமான கிணறுகளை மூட 1984, 85 ஆகிவிட்டது. அந்தத் தண்ணீரைத்தான் சிப்பாய்களும் மனைவிமாரும் குடித்தார்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்கள். பாதிக்கப்பட்டோர் பத்து லட்சம் பேர்வரை இருக்கலாம் என்கிறார்கள். அவர்கள் நட்டஈடு கேட்டு வழக்குப் போட வழிவிட்ட சட்டம் வந்தது 2022இல்!

அரசின் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் சும்மா இருக்கவில்லை. இந்தக் கரைப்பானின் ஆபத்தை மதிப்பிட்டு 2001இல் வரைவறிக்கை வெளியிட்டது. கம்பனிகளும் பாதுகாப்புத் திணைக்களமும் எதிர்த்தன. இன்னும் ஆராய வேண்டும் என்றன. புற்றுநோய் உண்டாக்கும் என்ற இறுதி முடிவு 2011இல்தான் வந்தது. தடை விதித்ததோ 2024 டிசம்பரில். விஞ்ஞானத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆராய்ச்சி முடியும்வரை அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது யார் என்றுதான் கேட்கிறோம்.

அதே கரைப்பான் நமது தோட்டத்து டின்னில் இருக்கிறதென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் எண்ணெய்ப் பதமான பூச்சி மருந்துகளைக் கரைக்க சைலீன் போன்றவற்றைச் சேர்ப்பது வழக்கம். டின்னில் பெரிதாக எழுதியிருப்பது மருந்தின் பெயர். அதைக் கரைத்த திரவத்தை யார் சொல்கிறார்கள்? முகமூடி கொடுத்தோம் என்கிறார்கள். துணி முகமூடி தூசியைத் தடுக்கலாம், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. நனைந்த சட்டை லயத்துக்கு வந்து, பிள்ளைகளின் உடுப்போடு ஒரே வாளியில் ஊறுகிறது.

எனவே நிர்வாகத்திடம் நாம் கேட்பது இவை: டின்னிலுள்ள எல்லாப் பொருளின் பெயரும் தமிழில் ஸ்டோர் கதவில் ஒட்டப்பட வேண்டும். யார், எந்த நாளில், எந்த மலையில், எதை அடித்தார் என்ற பதிவின் பிரதி தோட்டக் கமிட்டிக்கு வர வேண்டும். ஆவியைத் தடுக்கும் முகக்கவசமும், வேலைத்தளத்திலேயே உடுப்பு மாற்றிக் கழுவ இடமும் வேண்டும். இவை கிடைக்கும்வரை, பெயர் தெரியாத டின்னைத் திறக்கச் சொன்னால் முதலில் தோட்டத் தலைவரைக் கூப்பிடுங்கள்.