கையை எடுத்துவிடுவார்கள் என்று கட்டியை மறைக்காதீர்கள்



தொடையிலோ தோள்பட்டையிலோ ஒரு கட்டி. "வலிக்கலையே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தைலம் தேய்த்து விட்டுவிடுகிறோம். பெருத்த பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போக மனம் வருவதில்லை. "போனா காலை வெட்டிடுவாங்க" என்ற பயம். பால் வெட்டிய காலத்திலும் சரி, செம்பனைக் குலை அறுக்கும் இன்றும் சரி, கையும் காலும்தானே நமக்கு மூலதனம்!

சதையில் வரும் புற்றுநோய்க்கு ஒரு காலத்தில் காலை எடுப்பதே வழியாக இருந்தது உண்மைதான். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் 43 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1982-இல் வெளிவந்தது. 16 பேருக்குக் கை அல்லது கால் எடுக்கப்பட்டது. 27 பேருக்குக் கட்டியை மட்டும் சுற்றுச் சதையோடு அகற்றி, கதிர்வீச்சு கொடுத்தார்கள். அந்த 27 பேரில் 4 பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது. ஆனால் உயிர் பிழைப்பதில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இன்று பெரிய மருத்துவமனைகளில் பெரும்பாலோருக்குக் கைகால் காப்பாற்றப்படுகிறது. எல்லாருக்கும் முடியும் என்று சொல்லமாட்டேன். தாமதித்து வந்தால் வாய்ப்பு குறையும்.

பெரும்பாலான கட்டிகள் வெறும் கொழுப்புக் கட்டிகளே. ஆனால் 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால், வளர்ந்துகொண்டே போனால், ஆழத்தில் இருந்தால், எடுத்த பிறகும் மறுபடி வந்தால், காத்திருக்காதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். அங்கிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கள். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் இதற்கென்றே நிபுணர்கள் இருக்கிறார்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். இப்படிப்பட்ட கட்டியை "சின்ன ஆபரேஷன்தான்" என்று அவசரப்பட்டு அறுக்க விடாதீர்கள். முதலில் ஸ்கேன், பிறகு ஊசியால் சதை எடுத்துச் சோதனை, அதன் பிறகே கத்தி. பழகாத கை பால் வெட்டினால் மரத்தில் காயம் விழுமல்லவா? அப்படித்தான் இதுவும். நோய் சிதறிப் பரவினால் பின்னால் பெரிய ஆபரேஷன் வேண்டிவரும்.

கதிர்வீச்சு ஐந்தாறு வாரம் நடக்கும். அன்றாடச் சம்பளக்காரன் எப்படிப் போவான்? நிர்வாகங்கள் இதை யோசிக்க வேண்டும். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்கிறது. அது சலுகையல்ல, உரிமை. தயங்காமல் கேளுங்கள், மறுத்தால் சங்கத்திடம் சொல்லுங்கள்.

குளிக்கும்போது கைகாலைத் தடவிப் பாருங்கள். கட்டி இருந்தால் இந்த வாரமே காட்டுங்கள்.