கரி போட்டவர்கள் என்ன ஆனார்கள்?

காம்பாரில் படித்துக்கொண்டே வார இறுதியில் படிவம் நான்கு மாணவர்கள் சிலருக்கு டியூஷன் எடுக்கிறேன். சென்ற மாதம் டைட்டானிக் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னேன். எல்லாக் கட்டுரைகளிலும் கேப்டனும் வயலின் வாசித்தவர்களும் வந்துவிட்டார்கள். ஒரு பையன் மட்டும், “அக்கா, கீழே கரி அள்ளிப் போட்ட ஆளுங்க என்ன ஆனாங்க?” என்று கேட்டான்.

நல்ல கேள்வி. 1912இல் அந்தக் கப்பலின் பணியாளர்கள் ஏறத்தாழ 900 பேர். 700 பேர் வரை இறந்தார்கள். ஆனால் சாவு எல்லாரிடமும் ஒரே மாதிரி வரவில்லை. மேல்தளத்து மாலுமிகளில் பாதிக்கு மேல் பிழைத்தார்கள். உயிர்காப்புப் படகுக்குத் துடுப்புப் போட ஆள் வேண்டுமே! இயந்திரப் பகுதியிலோ நால்வரில் மூவருக்கு மேல் போய்விட்டனர். பொறியாளர்களில் ஒருவர்கூட மீளவில்லை. உணவகப் பணியாளர்கள் ஏறத்தாழ 70 பேரில் பிழைத்தவர்கள் மூவர். இதையெல்லாம் ‘கடமைக்காக உயிர் நீத்தார்கள்’ என்று ஒரே வரியில் எழுதி முடிப்பது எனக்கு உறுத்துகிறது. வேலை எந்தத் தளத்தில் என்பதே பலருடைய விதியாகிவிட்டது.

நம் கதைக்கு நெருக்கமான கப்பல் ஒன்றும் உண்டு. என் பாட்டி சிறு வயதில் நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறிப் பினாங்கில் இறங்கியவர். அதே பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் இன்னொரு கப்பல் திலாவா. 1942 நவம்பரில் பம்பாயிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டது. காம்பார்ச் சண்டை ஓய்ந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. 23ஆம் தேதி விடியுமுன் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலின் டார்பிடோ தாக்கியது. படகுகளில் இறங்கிய சிலர், கப்பல் மூழ்காது என்று நம்பித் திரும்பி ஏறினார்கள். அப்போது இரண்டாவது டார்பிடோ. வானொலி அதிகாரி டங்கன் உதவி கேட்டுச் செய்தி அனுப்பிக்கொண்டே கப்பலோடு போனார். கப்பலில் இருந்த 958 பேரில் 280 பேர் மாண்டனர்.

டங்கன் பெயர் தெரிகிறது. அடுப்படியிலும் இயந்திர அறையிலும் உழைத்த இந்திய மாலுமிகள்? ‘லஸ்கர்’ என்ற பொதுப்பெயரில் அடங்கிவிட்டார்கள். பிரிட்டிஷ் மாலுமியைவிட அவர்களுக்குச் சம்பளமும் மிகக் குறைவு. போரில் கடலில் மறைந்த பிரிட்டிஷ் வணிக மாலுமிகளின் பெயர்களை லண்டன் டவர் ஹில்லில் வெண்கலத்தில் பொறித்திருக்கிறார்கள். இந்திய வணிக மாலுமிகள் ஏறத்தாழ 6,000 பேரின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் ஏட்டில் இருக்கின்றன. போய்ப் புரட்டியவர் எத்தனை பேரோ.

திலாவாவில் இருந்த வெள்ளிக்கட்டிகள் மட்டும் 2,364 என்று துல்லியமாகத் தெரியும். 2017இல் கடலடியிலிருந்து எடுத்தார்கள். அவை பற்றிய வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போய், 2024இல் தீர்ப்பும் வந்துவிட்டது.

வரலாற்று இடுபணி என்றால் நாமும் கேப்டனையே தேடுகிறோம். வீட்டில் கப்பலேறி வந்த பெரியவர் இருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள். எந்த ஆண்டு வந்தார்கள் என்பதோடு நிறுத்த வேண்டாம். சோறு போட்டவர் யார், கீழே வேலை செய்தவர்கள் என்ன மொழி பேசினார்கள் என்றும் கேளுங்கள். கடலில் குமட்டியபோது ஒரு சமையல்காரர் ஊறுகாய் கொடுத்தார் என்று பாட்டி அடிக்கடி சொல்வார். அவர் பெயரை நான் கேட்டதில்லை. இப்போது கேட்கப் பாட்டி இல்லை.