கப்பலைச் சுற்றி எத்தனை தூரம்?

2021 ஏப்ரல் 13 அதிகாலை. மங்களூருக்கு அப்பால் ஆழ்கடலில், கேரளத்தின் பேப்பூரிலிருந்து புறப்பட்ட விசைப்படகின் மீது கண்டெய்னர் கப்பல் ஒன்று மோதியது. படகில் இருந்த 14 பேரில் தமிழகத்தவரும் உண்டு. உயிரோடு மீட்கப்பட்டவர்கள் இரண்டே பேர். அதற்கு முந்தைய ஆகஸ்டில்தான் தென்மேற்குக் கடலில் சரக்குக் கப்பல்களுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் மத்திய அரசு பாதை பிரித்திருந்தது. பாதை பிரிப்பது நல்ல தொடக்கம். ஆனால் மீன் ஓடும் இடத்துக்குத்தான் படகும் ஓடும்.

மோதல் தவிர்ப்புக்கான 1972ஆம் ஆண்டு சர்வதேச விதிகள், பாதுகாப்பான தூரத்தில் கடந்து செல்லச் சொல்கின்றன. எத்தனை மீட்டர் என்று சொல்லவில்லை. அப்படிப்பட்ட தூரத்தைக் கணக்கில் பிடிக்க அதற்கு முன்பே, 1971இல், ஜப்பானில் ஃபூஜி, டனாகா என்ற ஆய்வாளர்கள் முயன்றார்கள். நெரிசலான நீர்வழிகளில் கப்பல்கள் தாமாகவே விட்டுக்கொள்ளும் இடைவெளியை அளந்தபோது, ஒவ்வொரு கப்பலைச் சுற்றியும் ஒரு நீள்வட்டம் கிடைத்தது. முன்னும் பின்னும் அதிக இடம், பக்கவாட்டில் குறைவு. 1975இல் குட்வின் என்ற ஆய்வாளர் இன்னும் நுட்பமாகப் பார்த்தார்: வலப்பக்கம் இடைவெளி கூடுகிறது. குறுக்கே வருவதில் வலப்பக்கத்துக் கப்பலுக்கே வழிவிட வேண்டும் என்பதால் அங்கே எச்சரிக்கையும் அதிகம். இன்று ஏஐஎஸ் (தானியங்கி அடையாள அமைப்பு) கருவிகள் அனுப்பும் இருப்பிடத் தகவல்களைக் கொண்டு இதே கணக்கைப் போடுகிறார்கள்.

என் கவலை இங்கேதான். ஏஐஎஸ் இல்லாத படகு அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. ஃபைபர் படகும் மரப்படகும் ரேடாரிலும் மங்கலாகத்தான் தெரியும். வலை இழுக்கும் படகுக்குப் பின்னால் நீண்டு கிடக்கும் வலையும் கயிறும் அதன் உடம்பின் பகுதியே. வலை கடலில் இருக்கும்போது சட்டென்று திரும்ப முடியாது. மறுபக்கம் பெரிய கப்பல்: 15 நாட் வேகத்தில் நிமிடத்துக்கு 460 மீட்டர் கடக்கும். மாலுமி நிற்கும் அறையிலிருந்து பார்த்தால், முகப்புக்கு முன்னே 500 மீட்டர் வரை கடல் மறைந்திருக்க விதியே இடம் தருகிறது. மறைவுக்குள் புகுந்த படகுக்கு மிஞ்சுவது ஒரு நிமிடம்.

ஆகவே ஒருவரை மட்டும் குற்றஞ்சாட்டிப் பயனில்லை. மீன்பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்கு வழிவிடுவது கப்பலின் கடமை. இரவில் கண்காணிப்புக்கு ஒருவரை எழுப்பி உட்காரவைப்பதும், விளக்கை அணைக்காமல் இருப்பதும் படகின் கடமை. படகுகளுக்கு இருப்பிடம் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவி கொடுக்கும் திட்டத்தை அரசு கடைசிப் படகுவரை கொண்டுசேர்க்க வேண்டும். பழுதானால் சரிசெய்யத் துறைமுகத்திலேயே ஆள் வேண்டும். மீன் கிடைக்கும் இடம் போட்டிக்காரருக்குத் தெரிந்துவிடும் என்று கருவியை அணைத்துவைப்பவர்களின் பயமும் நியாயமானதே. அந்தத் தகவல் வெளியே போகாது என்ற உறுதியை அரசு எழுத்தில் தரட்டும்.

ஆய்வாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை பாதுகாப்பு வளையம் வரையும்போது குமரி மாவட்டத் தேங்காய்ப்பட்டணத்துப் படகு டிரைவரையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். மேற்குக் கடற்கரையில் இரண்டு மாத மீன்பிடித் தடைக்காலம் ஜூலை 31இல் முடிகிறது. படகுகள் கடலுக்கு இறங்குமுன் கப்பல் துறை, கடலோரக் காவல்படை, மீனவர் சங்கங்கள் மூன்றும் ஒரே வரைபடத்தின் முன் உட்கார அந்த இரண்டு மாதம் தாராளமாகப் போதும்.