விதை அறைக்குச் சரிவுக் குழாயே போதும்

கொடைரோடு வட்டாரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரம் கூடும். காயவைத்துக் கட்டிய விதையும் அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். விதையின் ஈரம் 14 சதவீதத்திலிருந்து 5 சதவீதம் வரை ஒவ்வொரு சதவீதம் குறையும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். ஆகவே பலர் கூடி விதை சேமிக்கும் அறைக்கு, ஈரம் உறிஞ்சும் மின்கருவி வாங்குவது நல்லதே. ஆனால், அதில் சேரும் தண்ணீர் போக வழியை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

கருவியின் தொட்டி நிறைந்தால் கருவி தானே நின்றுவிடும். நள்ளிரவில் கொட்டுவது யார்? பம்பு என்றால் கூடுதல் செலவு, பழுது. வெளித்தரை மேடாக இருந்தால் மட்டுமே அது தேவை. மற்றபடி கருவியை மேடைமேல் வைத்து, ரப்பர் குழாயை மடிப்பின்றிச் சரிவாகச் சுவர் வழியே வெளியே விடுவதே சிக்கனம். குழாய் நுனி தண்ணீரில் மூழ்கக் கூடாது. சுவர்த் துளையை எலி நுழையாதபடி பூசிவிட வேண்டும்.

விதை கெட்டால் அடுத்த பட்டமே வீண்.