தடாகம் கட்டுபவருக்குச் சான்றிதழ் எதற்கு?

நான்கு சுவரும் ஒரு தளமும் எழுப்பத் தெரிந்தவருக்கு நீச்சல் தடாகம் கட்டத் தனிச் சான்றிதழ் எதற்கு என்று கேட்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இவர்கள் பாமரர்களல்லர். நிலாவெளி முதல் அறுகம்பை வரை உல்லாசப் பயணிகளை நம்பி முதல் போடுபவர்களும், அவர்களுக்குக் கட்டிக் கொடுக்கும் ஒப்பந்தகாரர்களுமே இப்படிக் கேட்கிறார்கள். தண்ணீர்த் தொட்டிதானே என்பது அவர்களது வாதம்.

தொட்டி அல்ல. 10 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும் சராசரி 1.5 மீற்றர் ஆழமும் கொண்ட சிறு தடாகத்திலேயே 75 தொன் நீர் நிற்கிறது. அந்நீர் சுவரை வெளியே தள்ளும் என்பதை எந்த மேசனும் அறிவார். நீரை இறைத்த பின் நடப்பதையே பலரும் எண்ணுவதில்லை. மாரியில் நிலத்தடி நீர் உயரும் கரையோர மணலில், துப்புரவு செய்யவென்று தடாகத்தை வெறுமையாக்கினால், கீழிருந்து எழும் அமுக்கம் முழுக் கொங்கிறீற் கூட்டையும் தோணிபோல மேலே கிளப்பிவிடக்கூடும். அடித்தளத்தில் அமுக்கம் தணிக்கும் வால்வு வைப்பது இதற்காகவே. கம்பிக்கட்டு, ஏணி, பம்பி யாவற்றையும் ஒன்றாகப் பிணைத்துப் புவித்தொடுப்புச் செய்யாவிடில், ஒரு மின்கசிவு நீரில் நிற்பவரின் உயிரைக் குடித்துவிடும்.

இவற்றிலும் கொடியது வடிகால். 2002 இல் அமெரிக்காவில் வேர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற 7 வயதுச் சிறுமி வெந்நீர்த் தொட்டியொன்றின் உறிஞ்சு வடிகாலில் அகப்பட்டு நீருக்கடியிலேயே இறந்தாள். அவள் முன்னாள் இராஜாங்கச் செயலாளர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி. குடும்பத்தின் இடைவிடாத முயற்சியால் 2007 இல் அவளுடைய பெயரிலேயே சட்டம் வந்தது. பொதுத் தடாகங்களின் வடிகால்களுக்கு உடலைப் பற்றிக்கொள்ளாத மூடிகள் கட்டாயமாயின. ஒற்றை வடிகால் உள்ள இடத்தில் மேலதிகப் பாதுகாப்பும் வேண்டப்பட்டது. முன்னாள் அமைச்சரின் பேத்தியாக இல்லாத பிள்ளைக்காக அச்சட்டம் இத்தனை விரைவில் வந்திருக்குமா என்ற ஐயம் எனக்குண்டு.

கலிபோர்னியாவில் நீச்சல் தடாக ஒப்பந்தகாரருக்கென்றே சி-53 என்ற தனி அனுமதிப்பத்திர வகை இருக்கிறது. அதைக் கேட்பவர் கடந்த 10 ஆண்டுகளுக்குள் 4 ஆண்டுகளாவது தேர்ந்த தொழிலாளியாக வேலை செய்திருக்க வேண்டும். அதன்பின் சட்டமும் வணிகமும் பற்றி ஒரு பரீட்சை, தொழில் பற்றி மற்றொன்று. பிணையும் கட்டவேண்டும், 2023 முதல் அது 25,000 டொலர். இந்த முறையிலும் ஓட்டையுண்டு. நிறுவனத்துக்காகத் தகுதிபெறுபவர் ஒருவராக இருந்தால் போதும். குழிக்குள் இறங்கிக் கம்பி கட்டுபவரை எவரும் பரீட்சிப்பதில்லை. ஆயினும் முதலில் அனுபவம், பிறகு பத்திரம் என்ற ஒழுங்கு சரியானது.

நாமோ தலைகீழாக நிற்கிறோம். சில மாதப் பயிற்சி முடித்த இளைஞர் பத்திரத்தோடு வருகிறார். 25 ஆண்டு கரண்டி பிடித்த மேசன் 'கூலி' என்ற பெயரோடே ஓய்கிறார். இதற்கு மாற்று வழி நம் நாட்டிலேயே இருப்பதுதான் வேதனை. தேசிய தொழிற்தகைமை முறையின்கீழ், வகுப்புக்கே போகாதவரும் தம் அனுபவத்தை மதிப்பிடச் செய்து சான்றிதழ் பெறலாம். மேசனுக்கும், குழாய் பொருத்துபவருக்கும், மின்னியலாளருக்கும் தகைமைகள் உள்ளன. இம்மூவர் வேலையும் ஒரே குழிக்குள் சந்திக்கும் இடமே தடாகம். அந்தச் சந்திப்புக்குப் பொறுப்பேற்பவரின் கைவேலையைப் பார்த்து, அவருடைய மொழியிலேயே கேள்வி கேட்டு, தகுதி வழங்கவேண்டும் என்பதே என் வாதம். இரண்டு வடிகால்களை எவ்வளவு இடைவெளியில் வைப்பீர் என்று தமிழில் கேட்டால் பதில் சொல்லக்கூடிய மேசன்மார் எத்தனையோ பேர்.

செலவு கூடும் என்பார்கள். கூடட்டும். இத்தாலிய ஓட்டுக்கும் நீரடி விளக்குக்கும் கணக்குப் பார்க்காதவர்கள், கட்டுபவரின் தகுதிக்கு மட்டும் கணக்குப் பார்ப்பது என்ன நியாயம்? சிறுவன் நீரில் மூழ்கிப் பலி என்று பத்திரிகையில் மூன்று வரி வருகிறது. நீச்சல் தெரியாதவன் என்றும் அதில் இருக்கும். தடாகத்தைக் கட்டியவர் யார், வடிகால் மூடி இருந்ததா என்பது இராது. விடுதிக்கு அனுமதி வழங்கும் உள்ளூராட்சி மன்றங்கள், அந்த இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் பெற்ற பின்னரே தடாகத்தில் நீர் நிரப்ப விடவேண்டும்.